டீப்பெட்டிப் பலகை

மாதிரி விமானம் பறக்கவிடுகிறவரிடம் அதன் எடையைக் கேட்டுப் பாருங்கள். கிராம் பிசகாமல் சொல்வார். வாலில் ஐந்து கிராம் கூடிவிட்டால் அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று மடங்கு ஈயம் வைக்க வேண்டிவரும். அதனால் வாலுக்குப் பூசும் பெயிண்டைக்கூட அளந்துதான் பூசுவார். அதே ஆளிடம், அந்த விமானத்துக்காகக் களத்துக்குத் தூக்கிப்போகும் பெட்டி எத்தனை கிலோ என்று கேட்டால் விழிப்பார். 90களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் எங்கள் சின்னக் கூட்டத்தில் எல்லோரும் இந்த ரகம்தான்.

அந்தப் பெட்டியை நாங்கள் ஃபீல்டு பாக்ஸ் என்போம். அது ஏன் வேண்டும் என்பதற்கு எஞ்சினைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். அப்போது எங்களிடம் இருந்தவை குளோ எஞ்சின்கள். இவற்றில் பெட்ரோல் எஞ்சினைப் போல மின்பொறி கிடையாது. பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். ஒன்றரை வோல்ட் கொடுத்தால் அது செக்கச்செவேல் என்று பழுக்கும். எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரத்தை எடுத்துவிடலாம். உள்ளே அழுந்தும் காற்றின் சூடும், பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் படும்போது நடக்கும் வேதிவினையும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்திருக்கும். 1947இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்கு முன்பு ஒவ்வொரு விமானமும் காயில், கண்டென்சர், பாட்டரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பறந்தது. ஆர்டன் அந்தச் சுமையை விமானத்திலிருந்து இறக்கினார். இறக்கியது எங்கே போயிற்று என்றால், எங்கள் பெட்டிக்குள்தான் வந்தது.

பிளக்கைச் சூடேற்ற ஒரு பாட்டரி வேண்டும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வேண்டும். ஸ்டார்ட்டருக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பாட்டரி. இன்று யூ.பி.எஸ்ஸுக்குள் இருக்கிறதே, அதே கறுப்புச் செங்கல்தான். எரிபொருள் கேன், அதிலிருந்து டேங்குக்கு ஏற்றப் பம்ப், மாற்று ப்ராப் (மூக்கில் சுழலும் ப்ரொப்பெல்லர்), மாற்று பிளக், ஸ்பேனர்கள், இறக்கையைக் கட்டும் ரப்பர் பேண்டுகள், பசை, துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டெனாவோடு டிரான்ஸ்மிட்டர்.

என்னிடம் இருந்த பெட்டி ஒரு சீனியரிடமிருந்து வாங்கியது. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், நாலு மூலையிலும் ஸ்க்ரூ, இரண்டு இழுப்பறை. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துச் செய்ததாம். அந்த வரைபடங்கள் எல்லாம் கார் டிக்கியில் பெட்டியை வைத்து, ஓடுபாதைக்குப் பத்தடி பக்கத்தில் வந்து இறக்குகிறவர்களுக்காகப் போட்டவை. எங்கள் ஓடுபாதை நொய்யல் பாசனக் குளம் ஒன்றின் வறண்ட படுகை. தை பிறந்து தண்ணீர் வற்றியதும் எங்கள் சீசன் தொடங்கும். வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கியதும் முடிந்துவிடும். டிவிஎஸ் 50ஐக் கரைமேட்டிலேயே நிறுத்தியாக வேண்டும். உள்ளே போனால் வேலிக்காத்தான் முள் டயரைத் தின்றுவிடும். அங்கிருந்து ஒரு கையில் ஒன்றரை மீட்டர் இறக்கையோடு விமானம், மறு கையில் பெட்டி. அரைக் கிலோமீட்டர் நடை.

பழைய பேப்பர் கடைக்காரரின் ஸ்பிரிங் தராசில் ஒருநாள் அந்தப் பெட்டியை மாட்டிப் பார்த்தோம். ஒன்பதே முக்கால் கிலோ. விமானம் இரண்டரை கிலோ.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர், விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சார்ஜென்ட் சார் என்று கூப்பிடுவோம். லேசான பெட்டி ஒன்று செய்யப்போகிறேன் என்று வரைபடத்தை நீட்டியபோது அவர் அதை வாங்கவே இல்லை. "பெட்டிய அப்புறம் பாக்கலாம். உள்ள இருக்கறத எல்லாம் தரையில பரப்புப்பா" என்றார். பரப்பினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, போன சீசனில் இது எதற்குப் பயன்பட்டது என்று கேட்டார். மூன்று கும்பலாகப் பிரித்தார்: ஒவ்வொரு தடவையும் எடுப்பது, ஏதாவது உடைந்தால் எடுப்பது, எடுக்கவே எடுக்காதது. மூன்றாவது கும்பலில் ஒரு சால்டரிங் அயர்ன் இருந்தது. 230 வோல்ட் அயர்ன். குளத்துக்கு நடுவே அதைச் சொருகப் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் உண்மையான எடை முதல் கும்பலில்தான் இருந்தது. கறுப்புப் பாட்டரி இரண்டரை கிலோ. ஸ்டார்ட்டர் ஒரு கிலோ. பாட்டரி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பலகையும் பம்பும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழே. இந்த நாலும் போய்விட்டால் கிட்டத்தட்ட நாலு கிலோ குறையும். "ஸ்டார்ட்டர் இல்லாம எப்படி சார்?" என்றேன். "கை இருக்குல்ல?" என்றார்.

எங்களிடம் இருந்த அளவு எஞ்சினைக் கையால் கிளப்புவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கார்புரேட்டர் வாயை விரலால் மூடி ப்ராப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் எரிபொருள் உள்ளே இழுக்கும். பிளக்கில் கிளிப்பை மாட்டி, ப்ராப்பை ஒரு வெட்டு வெட்டிவிட வேண்டும். விரலால் வெட்டினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது நகம் போகும். அதற்கென்று ஒரு தடி உண்டு. நான் செய்துகொண்டது பிரம்புத் துண்டில் பழைய சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுற்றியது. அறுபது கிராம். பிளக்கைச் சூடேற்ற ஒற்றை நிக்கல்-காட்மியம் செல் போதும். மூன்று ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்றாலும் ஒரு தடவைக்கு அரை நிமிடம்தான். ஒரு காலை வேளைக்குத் தாராளம்.

பம்புக்கு மாற்று, கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் வாஷ் பாட்டில். அழுத்தினால் குழாய் வழியாகப் பீய்ச்சும். டேங்க் குழாயில் சொருகி அழுத்தினால் நிரம்பிவிடும். பம்ப் இல்லை, வயர் இல்லை. வாயால் உறிஞ்சி ஏற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மெத்தனால் விஷம். கண் போகும், உயிரும் போகும். தோல் வழியாகக்கூட உடம்புக்குள் இறங்கும். பகல் வெளிச்சத்தில் அது எரிந்தால் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பது கூடுதல் ஆபத்து. தமிழ்நாட்டில் அதை வாங்க, வைத்திருக்க உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஒருவர் வழியாகத்தான் எங்களுக்குக் கலவை கிடைத்தது, அதுவும் அளவாக.

கலவை என்றால் நாலு பங்கு மெத்தனாலுக்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய். நைட்ரோமீத்தேன் சேர்த்தால் எஞ்சின் இன்னும் துள்ளும். எங்களுக்கு அது எட்டாக்கனி. சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலில் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களும் இந்த எண்ணெயில்தான் ஓடின. அதன் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கழன்றது என்பார்கள். கொட்டமுத்து விளையும் ஊர்க்காரர்களான எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் அம்மா சங்கில் ஊற்றிக் கொடுத்தது இதைத்தான். எண்ணெய் முழுக்க எரியாது. பெரும்பங்கு சைலன்சர் வழியாக வெளியே வந்து விமானம், கை, சட்டை, பெட்டி எல்லாவற்றிலும் படியும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வார்னிஷ் சரியாகப் பூசாத மரப்பெட்டி இந்த எண்ணெயைக் குடித்துக் குடித்து வருடாவருடம் எடை கூடும். என் பழைய பெட்டியின் அடிப்பலகையைச் சுரண்டினால் விரல் பிசுபிசுத்தது.

ஆக, சாமான் பட்டியல் தீர்ந்த பிறகுதான் மரத்துக்கு வந்தேன். கணக்கு எளிது. 40க்கு 25 சென்டிமீட்டர் அடிப்பலகை, 20 சென்டிமீட்டர் உயரச் சுவர்கள் என்றால் மொத்தப் பரப்பு 0.36 சதுர மீட்டர். சாதாரண ப்ளைவுட் கன மீட்டருக்கு அறுநூறு கிலோ சொச்சம். 12 மில்லிமீட்டரில் செய்தால் பலகை மட்டும் 2.6 கிலோ. 3 மில்லிமீட்டரில் 650 கிராம். ஆனால் பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் குறையும். கால்வாசித் தடிமன் என்றால் விறைப்பு அறுபத்துநான்கில் ஒரு பங்குதான். மெல்லிய பலகையைத் தட்டையாக நிறுத்தினால் துவளும். மூலைகளும் மடிப்புகளும்தான் அதைத் தாங்க வேண்டும். விமானத்தின் உடலும் இப்படித்தான் நிற்கிறது, அதனால் இது எங்களுக்குப் புதிய பாடம் இல்லை. பெட்டிக்கும் இது பொருந்தும் என்று யோசிக்கத்தான் யாரும் மெனக்கெடவில்லை.

பால்சாவில் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பால்சா நம் இலவ மரத்தின் சொந்தக்காரர். தென் அமெரிக்காவிலிருந்து வருகிற அந்த மரத்தை இறக்கைக்கே அங்குலக் கணக்கில் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெட்டிக்கு அதைப் போடுவது ஊதாரித்தனம்.

எங்கள் ஊரில் அதைவிட நல்ல சரக்கு சும்மா கிடந்தது. நீலகிரியிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் இறங்குகிற தேயிலை அப்போது ப்ளைவுட் பெட்டிகளில் வரும். குன்னூருக்கு அடுத்து கோவையிலும் 1980 முதல் தேயிலை ஏலம் நடந்ததால் பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே அலுமினியத் தாள், விளிம்பில் தகரப் பட்டை, பலகை மூன்று நாலு மில்லிமீட்டர். உக்கடம் பக்கம் பழைய பெட்டி விற்கிற கடையில் ஒன்றை வாங்கி, தகரத்தை நெம்பி எடுத்துப் பிரித்தேன். டீத்தூள் வாசனை கடைசிவரை போகவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு ஆவாரம்பாளையத்தில் ஒரு பேட்டர்ன் ஆசாரியிடம் போனேன். ஃபவுண்ட்ரிகளுக்கு வார்ப்பு எடுக்க மரத்தில் அச்சு செய்து கொடுப்பவர். பம்ப் கேசிங்குக்கு அரை மில்லிமீட்டர் பிசகாமல் மரம் செதுக்குகிற கை அது. "ஏனுங்க தம்பி, இது டீப்பொட்டிப் பலகைங்களே. இதுல போயி என்னத்தச் செய்யறது?" என்றார். சொன்னேன். சிரித்தார். ஆனால் எடுத்துக்கொண்டார்.

ஆணி கூடாது, ஸ்க்ரூ கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. மூன்று மில்லிமீட்டர் பலகையில் ஆணி அடித்தால் பிளந்துபோகும். பேட்டர்னில் உள்மூலை கூர்மையாக இருந்தால் வார்ப்பில் அந்த இடத்தில் விரிசல் விடும். அதனால் அவர்கள் மூலைக்குள் தோலோ மெழுகோ வைத்து வளைவாக்குவார்கள். அதே யோசனையில், ஒவ்வொரு உள்மூலையிலும் இலவ மரத்தில் முக்கோணச் சட்டம் இழைத்து ஃபெவிகாலில் ஒட்டினார். பசை படும் பரப்பு நாலு மடங்காயிற்று. மறுநாள் பெட்டியைக் குறுக்காகப் பிடித்துத் திருகிப் பார்த்தோம். அசையவில்லை.

இன்னொரு வேடிக்கை நடந்தது. வார்ப்பிரும்பு குளிரும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதைக் கணக்கில் சேர்த்து, பேட்டர்ன் ஆசாரிகள் கையாளும் கான்ட்ராக்‌ஷன் ஸ்கேலில் ஒவ்வொரு கோடும் ஒரு சதவீதம் தள்ளி இருக்கும். அந்த ஸ்கேலால்தான் அவர் என் பலகைக்கும் குறி போட்டிருக்கிறார். 300 மில்லிமீட்டர் அறை 303 ஆக வந்து நின்றது. "வார்ப்புன்னா சுருங்குமுங்க. உங்க பொட்டி சுருங்கலீன்னா நா என்ன பண்ணட்டும்?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். டிரான்ஸ்மிட்டர் அறை என் வரைபடத்தில் கொஞ்சம் இறுக்கம். அந்த மூன்று மில்லிமீட்டரில் அது ஸ்பாஞ்சோடு சௌகரியமாக உட்கார்ந்தது.

சண்டை வந்தது இழுப்பறையில். ஆசாரிக்கு இழுப்பறை இல்லாத பெட்டி பெட்டியே இல்லை. வழுக்கிக்கொண்டு வருகிற இழுப்பறை செய்வதில்தான் கைவேலையின் அழகு தெரியும் என்பது அவர் கட்சி. என் கட்சி, இழுப்பறை என்பது பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதன் எடை நாம் இரண்டாவது தடவை கொடுக்கும் விலை. தவிர, குளத்துப் புழுதி தண்டவாளத்தில் ஏறினால் எந்த இழுப்பறையும் இரண்டே மாதத்தில் மக்கர் செய்யும். கடைசியில் டைலரிடம் காக்கி டிரில் துணியில் பை பையாகத் தைத்துப் பக்கச் சுவரில் ஒட்டினேன். ஸ்பேனருக்கு ஒன்று, ப்ராப்புக்கு ஒன்று, தடிக்கு ஒன்று. பிளக்குகள் ஃபிலிம் ரோல் டப்பாவில். ரப்பர் பேண்டுகள் டால்கம் பவுடர் போட்ட டப்பாவில், ஏனென்றால் எண்ணெய் பட்ட ரப்பர் சீக்கிரமே சொதசொதவென்று ஆகிவிடும். இறக்கையைப் பிடித்திருப்பதே அந்த ரப்பர்தான்.

பக்கச் சுவர்களில் ஓட்டைகள் போட்டேன். இறக்கையின் விலா எலும்புகளில் போடுவோமே, அதே வட்டங்கள். ஓரத்தில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினேன். "பொட்டிக்குச் சன்னல் எதுக்குங்க?" என்றார் ஆசாரி. அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. ஓட்டைகளால் குறைந்தது நூற்றைம்பது கிராம்கூட இல்லை. ஸ்டார்ட்டரை விட்டதில் போனது ஒரு கிலோ. ஆனால் பிறகு பெட்டியைப் பார்த்த ஒவ்வொருவரும் அந்த ஓட்டைகளை மட்டும்தான் பாராட்டினார்கள். ஸ்டார்ட்டர் இல்லாததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

எனக்கே பெருமை தருகிற யோசனை வேறு. இரண்டு முனைப் பலகைகளையும் மேலே ஒரு சாண் உயர்த்தி, நடுவில் அரைவட்டமாக வெட்டி, பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை விளிம்பில் ஒட்டினேன். விமானத்தின் உடலை அதன் மேல் கிடத்தி இறக்கை மாட்டலாம், எஞ்சினைத் துடைக்கலாம். தனியாக ஸ்டாண்ட் தூக்கிப்போக வேண்டாம். அந்த முனைப் பலகைகளுக்கு நடுவே மூங்கில் கைப்பிடி. எரிபொருள் பாட்டிலுக்கு அறை கைப்பிடிக்கு நேர் கீழே. ஒன்றரை லிட்டர் கலவை 1.2 கிலோவுக்கு மேல் வரும். திரும்பி வரும்போது அது காலி. நடுவில் இருந்தால் நிரம்பினாலும் காலியானாலும் பெட்டி சாயாது. விமானத்தில் இந்த வசதி கிடையாது. டேங்க் எஞ்சினுக்குப் பின்னால் முன்பக்கமாகத்தான் இருக்கும், தீரத் தீர மூக்கு லேசாகும்.

பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கோட்டு. உள்மூலைகளில் மூன்றாவது. வெறும் பெட்டி 840 கிராம். சாமான், டிரான்ஸ்மிட்டர், எரிபொருள் எல்லாம் சேர்ந்து மூன்றரை கிலோவுக்கு ஒரு பிடி மேலே.

கரைமேட்டில் நடக்கும்போது கை வலிக்கவில்லை என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. அந்த சீசனில் ஒரு காலை, வானத்தில் எஞ்சின் நின்று விமானம் குளத்தின் அந்தக் கோடியில் வேலிக்காத்தான் புதரில் இறங்கியது. முன்பெல்லாம் கைவீசிக்கொண்டு போய், உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு பெட்டிக்குத் திரும்பி வருவோம். ஓடுபாதைப் பக்கம் நிழலே கிடையாது. வெயிலில் ஒட்டுவதற்குள் எரிச்சல் வந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இந்தத் தடவை பெட்டியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன். ரப்பர் பேண்டுகள் அறுந்து இறக்கை தனியே கழன்று தப்பித்திருந்தது. வாலின் அடியில் ஒரு வெடிப்பு. ஆடு மேய்க்கிறவர் உட்கார்ந்திருந்த மரத்தடியில் விமானத்தைச் செருப்பு ரப்பர் மேல் கிடத்தி, வெடிப்பில் ஆப்பசோடாவைத் தூவி ஃபெவிக்விக்கைச் சொட்டினேன். சோடா பட்டதும் அது கல்லாக இறுகும். புது ப்ராப், புது பிளக். அங்கிருந்தே மேலேற்றினோம். "தூக்கிட்டே போய் ரிப்பேர் பண்ண முடிஞ்சாத்தான் அது டூல் பாக்ஸ். இல்லாட்டி பீரோ" என்றார் சார்ஜென்ட் சார். அதற்கடுத்த சீசனில் எங்கள் கூட்டத்தில் மூன்று பேரிடம் டீப்பெட்டிப் பலகையில் செய்த பெட்டி இருந்தது.

டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் 72 மெகாஹெர்ட்ஸில் இருந்த காலத்தில் ஒரே சேனலில் இரண்டு பேர் ஸ்விட்ச் போட்டால் ஏதாவது ஒரு விமானம் விழும். அதற்காகச் சேனல் எண் எழுதிய துணி கிளிப்புகள் என் பெட்டியின் விளிம்பில்தான் வரிசையாக இருக்கும். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டும் ஸ்விட்ச் போடலாம். 2005க்குப் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் கிளிப்புகளுக்கு வேலை போயிற்று. டீப்பெட்டிகளின் இடத்தைக் காகிதச் சாக்குகள் பிடித்துக்கொண்டன. குளோ எஞ்சினை விட்டுப் பலரும் மின் மோட்டாருக்கு வந்துவிட்டார்கள். நானும்தான். விளக்கெண்ணெய்ப் புகை வாசனை இல்லாத பறத்தல் எனக்கு இன்னும் அரைகுறையாகத்தான் படுகிறது, அது வேறு விஷயம்.

மின் மோட்டார் வந்தபிறகு பெட்டி லேசாகியிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. சார்ஜர், அதை ஓட்ட ஒரு கார் பாட்டரி, ஆறேழு லிப்போ பாட்டரி, லேப்டாப் என்று சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். புதிதாகப் பெட்டி செய்யப்போகிறவர்கள் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு, அன்றைக்கு வேண்டிய பாட்டரிகளை மட்டும் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவரலாம். லிப்போக்களை ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவரோடு ஒரே அறையில் போடாதீர்கள். குத்துப்பட்டாலோ முனைகள் ஒட்டினாலோ தீப்பிடிக்கும், தனி உறையில் வையுங்கள். 3 மில்லிமீட்டர் ப்ளைவுட் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது, லேசரில் வெட்டியும் தருகிறார்கள். ஓட்டைகளை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்க நன்றாக இருக்கும். இழுப்பறை மட்டும் வேண்டாம்.